ராமுத்தாயின் பதினாலு ஊசி

அந்த நாய் ஓடையிலிருந்து கரையேறி வந்தபோது ராமுத்தாய் ஒரு கருவைத் தூரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எண்பத்தாறாம் வருடம், புரட்டாசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. கன்னிவாடி மலைமேல் மூன்று நாளாக மேகம் கூடுவதும் கலைவதுமாக இருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் அடைமழை பிடித்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குள் ஓடைக்கரையில் வெட்டிப் போட்ட கருவையெல்லாம் வீடு வந்து சேர வேண்டும். பிளந்து, காயவைத்து, கரையான் ஏறாமல் கல்லுக்கு மேல் அட்டியாக அடுக்கியாக வேண்டும். மழை பிடித்த பிறகு இரண்டு மாதத்துக்கு வெளியே ஒரு காய்ந்த சுள்ளி கிடைக்காது.

விறகு சோறு பொங்க மட்டும் என்றால் அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். மழைக்குளிரில் ஆட்டுக்குட்டிகள் விறைத்துப் போகும். கொட்டத்தில் ஒரு மூலையில் கங்கு கிடந்துகொண்டே இருந்தால்தான் அவை பிழைக்கும். முந்தின வருடம் ஈர விறகை ஊதி ஊதிக் கண் வீங்கினதுதான் மிச்சம். நாலு குட்டிகள் போய்விட்டன.

ஆடுகள் பதினொன்றும் ஓடைக்கரையில் கருவை நெற்று பொறுக்கிக்கொண்டிருந்தன. திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. ராமுத்தாய் திரும்பிப் பார்த்தாள். ஊர் நாய்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். இது ஊர் நாய் இல்லை. வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டு, எதையும் பார்க்காமல் நேராக வந்தது. வாயிலிருந்து கோழை நூலாகத் தொங்கியது. குரைக்கவில்லை. வெறிநாய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏய்! சூ! சூ!" என்று கத்திக்கொண்டே ஒரு கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் நாய் புள்ளிக்கிடாயின் காதைக் கவ்விக் கிழித்துவிட்டது. அடுத்து செவலையின் பின்னங்காலைப் பிடித்தது. செவலை மூன்று மாதச் சினை. ஓட முடியாமல் அலறியது. ராமுத்தாய் கட்டையால் நாயின் முதுகில் ஓங்கிப் போட்டாள். அது செவலையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது. இடது முழங்கைக்குக் கீழே பல் இறங்கியதை அவள் உணர்ந்தாள். வலது கையால் மறுபடி அடித்தாள். நாய் பிடியை விட்டது. வந்த மாதிரியே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வடக்கே போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் அதை அடித்துக் கொன்றுவிட்டார்கள். அங்கேயும் ஒரு கன்றுக்குட்டியைக் கடித்திருந்ததாம்.

ராமுத்தாய்க்கு அப்போது நாற்பது வயதிருக்கும். அவள் புருசன் பொம்மையன் கிணறு வெட்டுகிற ஆளாக இருந்தவன். நாலு வருடத்துக்கு முன் ஒரு கிணற்றில் கல் சரிந்து இடுப்பில் விழுந்தது. அதிலிருந்து கம்பு ஊன்றித்தான் நடை. ஆனாலும் சும்மா இருக்க மாட்டான். உட்கார்ந்தபடியே கோடாலி பிடித்து விறகு பிளந்து தள்ளிவிடுவான். பிள்ளைகள் இல்லை. வானம் பார்த்த ஒன்றரை ஏக்கர் புஞ்சை, அதற்குள்ளே ஒரு ஓட்டு வீடு, ஆட்டுக்கொட்டம், விறகு போட ஒரு சாய்ப்பு. அவ்வளவுதான் அவர்களுக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் பொம்மையனின் தம்பி சங்கிலியும் அவன் பெண்டாட்டி நாகஜோதியும் இருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ராமுத்தாயின் ஆடுகள் வேலி தாண்டிப் போய் நாகஜோதியின் மிளகாய் நாற்றை மொட்டையடித்துவிட்டன. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான்.

கையைக் கிணற்றடியில் வைத்துத் துணி சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினாள் ராமுத்தாய். தோல் எரிந்தது. விடாமல் தேய்த்தாள். பொம்மையன் கம்பை ஊன்றிப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒண்ணும் பயப்படாத. தெக்க ஒருத்தரு வேரு குடுக்காராம். மூணு நாளைக்கு உப்பில்லாமச் சாப்புட்டாப் போதுமாம். விசம் எறங்கிருமாம்."

"எங்கண்ணனும் வேரத்தான் தின்னான்" என்றாள் அவள், நிமிர்ந்து பார்க்காமல்.

பொம்மையன் வாளியைச் சாய்த்து அவள் கைமேல் தண்ணீர் ஊற்றினான். அவளுடைய பிறந்த ஊர் சேவுகம்பட்டி. அண்ணன் தங்கமுத்துவை நாய் கடித்தபோது அவளுக்குப் பதினாறு வயது. வேர் கொடுத்தார்கள், கையில் கயிறு கட்டினார்கள், சரியாகிவிட்டது என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். நாற்பதாவது நாள் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். செம்பைப் பார்த்ததும் தங்கமுத்துவின் தொண்டை இழுத்துக்கொண்டது. தாகம், தாகம் என்று அவனே கேட்கிறான். தண்ணீரைக் காட்டினால் உடம்பே முறுக்கிக்கொள்கிறது. கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் போட்டார்கள். மூன்று நாள் அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ்ஸில் அவள் திண்டுக்கல் போனாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைப் பார்த்தார், நாயைப் பற்றிக் கேட்டார். சீட்டு எழுதியபடியே சொன்னார்: "பதினாலு ஊசிம்மா. தினம் ஒண்ணு. தொப்புளைச் சுத்தித்தான் போடணும். ஒரு நாள்கூட விடக்கூடாது. கனத்தைத் தூக்காத. வெயில்ல அலையாத."

"மழை வருதுங்கய்யா. வெறகெல்லாம் காட்டுல கெடக்கு."

"வெறகை வேற யாராவது தூக்கட்டும்" என்றார் டாக்டர்.

வேறு யார் தூக்குவார்கள் என்று அவரிடம் கேட்க முடியாது. பெஞ்சில் மல்லாக்கப் படுத்து, சேலையைத் தளர்த்தி, கூரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். நர்ஸம்மா வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசியை இறக்கினாள். மருந்து உள்ளே போகப் போகக் குடலுக்குள் யாரோ கையை விட்டு முறுக்கின மாதிரி இருந்தது. திரும்பும்போது பஸ் குலுங்கின ஒவ்வொரு குலுக்கலுக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

கன்னிவாடியிலேயே இறங்கி மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே கம்பவுண்டர் சூசைமாணிக்கம் இருந்தார். அந்த வட்டாரத்து ஆடுமாடெல்லாம் அவர் கைபட்டதுதான். அவர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

"ரெண்டையும் முடிச்சிருறது நல்லதும்மா. இப்பவே."

"செவல சினையா இருக்குங்கய்யா."

"அதுக்கு என்ன செய்ய? விசம் ஏறியிருக்கா இல்லையான்னு நமக்குத் தெரியாது. தெரியற அன்னிக்கு அது ஆடா இருக்காது."

"கடிச்ச எல்லாத்துக்குமா ஏறும்?"

"ஏறாமலும் போகும்" என்றார் அவர், வேண்டாவெறுப்பாக. "அப்ப தனித்தனியாக் கட்டு. நூறு நாளைக்கு மத்த ஆடுகளோட விடாத. பால் கறக்காத, விக்காத, வாய்க்கிட்ட கை கொண்டுபோகாத. தீனி எடுக்காம நின்னாலோ, சத்தம் மாறினாலோ உடனே வந்து சொல்லு. சொல்லிட்டேன்."

அவள் செவலையைப் புளியமரத்தடியிலும், புள்ளிக்கிடாயை வீட்டுக்குப் பின்னால் ஒரு படலுக்குள்ளேயும் கட்டினாள். மிச்சம் ஒன்பது ஆடுகளையும் யார் மேய்ப்பது? தினமும் அவள் வீடு திரும்பப் பகல் ஆகிவிடும். பொம்மையனால் ஆட்டுக்குப் பின்னால் நடக்க முடியாது. இரண்டாம் நாள் அவள் பஸ்ஸுக்குப் போகும்போது கொட்டத்தைத் திறக்காமல்தான் போனாள். திரும்பி வந்து பார்த்தால் கொட்டம் காலி. பதறிப்போய் ஓடைப் பக்கம் ஓடினாள். தூரத்தில் நாகஜோதி தன் ஆடுகளோடு இவளுடைய ஒன்பதையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் ஒன்பதும் ஒழுங்காகக் கொட்டத்துக்கு வந்து சேர்ந்தன. இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் ராமுத்தாய் விறகு சுமக்கப் போனாள். வயிற்றில் மூன்று இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி இருந்தது. சின்னக் கட்டுதானே என்று தலைக்கு ஏற்றினாள். பத்து எட்டு வைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கட்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். செத்த நேரம் அப்படியே மண்ணில் கிடந்தாள். மலைப்பக்கம் மேகம் கறுத்து நின்றது. எழுந்து கட்டை அங்கேயே விட்டுவிட்டு வீடு வந்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. வலிக்காக அல்ல, அத்தனை விறகும் நனையப் போகிறதே என்று.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தபோது சாய்ப்பின் முன்னால் ஒரு வண்டி விறகு குவிந்து கிடந்தது. பொம்மையன் நடுவில் உட்கார்ந்து பிளந்துகொண்டிருந்தான்.

"யாரு கொண்டாந்தது?"

"சங்கிலிதான். நாகஜோதி அனுப்பியிருக்கா. வண்டிய நிப்பாட்டினான், தட்டினான், போய்ட்டான். நானும் ஒண்ணும் கேக்கல."

ராமுத்தாய் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். நாகஜோதி முற்றத்தில் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

ஆறாம் நாள் ஒரு காரியம் நடந்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்து மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வண்டித்தடத்திலிருந்து நூர் முகமது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பேகம்பூர்க்காரர். பத்து வருடமாக அவர்களிடம் கிடாய் வாங்குகிறவர். சைக்கிளின் பின்னால் ஒரு கிடாய் கட்டுண்டு கிடந்தது. காதில் கிழிந்த இடம் கறுத்துப் போயிருந்தது.

அவளுடைய புள்ளிக்கிடாய்தான்.

"வாங்க தங்கச்சி. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்கன்னு அண்ணன் சொன்னாரு. ஒடம்புக்கு என்ன?" என்றார் அவர்.

அவள் கிடாயைப் பார்த்தாள். அதுவும் அவளைப் பார்த்து மெல்லக் கத்தியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், பேசாமல் ஒதுங்கிப் போய்விடலாமா என்று நினைத்தாள். அது நல்லாத்தான் இருக்கிறது. தீனி எடுக்கிறது. விசம் ஏறாமலும் போகும் என்றுதானே சூசைமாணிக்கமே சொன்னார்?

"பாய், காது எப்படிக் கிழிஞ்சதுன்னு கேட்டீங்களா?"

"முள்ளு கிழிச்சதுன்னாரே?"

"முள்ளு இல்ல பாய். வெறிநாய்." சேலைத் தலைப்பை விலக்கிக் கைக்கட்டைக் காட்டினாள். "இதக் கடிச்ச அதே நாயி."

நூர் முகமது சைக்கிளை நிறுத்தினார். கிடாயின் கழுத்தில் வைத்திருந்த கையை மெல்ல எடுத்தார். அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கயிற்றின் முனையை மட்டும் பிடித்து, வாய்க்கு எட்டாமல் விலகி நின்று, முடிச்சை அவிழ்த்து இறக்கினார்.

"மொதல்ல அறுக்கறவன் கைதான் தங்கச்சி அதுல படும். எங்க கடையில என் தம்பிதான் அறுக்கறான்" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "பணம் இன்னும் குடுக்கல. அவருகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. நான் இந்தப் பக்கம் வந்தா வாரேன்."

ரோட்டோரக் குழாயில் முழங்கை வரைக்கும் கழுவினார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கிடாயை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவளைப் பார்த்ததும் பொம்மையன் கோடாலியைக் கீழே வைத்தான்.

"யாரு வீட்டுச் சட்டியிலயோ வேகட்டும்னு அனுப்பிட்ட. அப்படித்தான?"

"நான் என்ன பண்ணட்டும்? நீ வகுத்தப் புடிச்சுக்கிட்டு வாரதும் போறதுமா இருக்க. எனக்கு எந்திரிச்சு நடக்க நாதியில்ல. மழை வந்து நிக்கிது. கண்ணு முன்னால எல்லாமே போகப் போகுது. ஒண்ணாச்சும் போறதுக்கு முன்னால ஒதுங்கட்டும்னு நெனச்சேன். தப்புத்தான். போ."

அவள் அவனைத் திட்ட நிறைய வைத்திருந்தாள். திட்ட வரவில்லை. ஒரு கணம் தானும் ஒதுங்கிப் போக நினைத்ததை அவளே அறிவாள். அது மட்டுமா? சூசைமாணிக்கம் முடித்துவிடச் சொன்ன செவலையைப் புளியமரத்தில் கட்டி வைத்துத் தினமும் தழை போட்டுக்கொண்டிருப்பதும் அவள்தானே.

பதிமூன்றாம் நாள் மழை பிடித்தது. பதினாலாவது ஊசிக்கு நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வந்தாள். "முடிஞ்சதும்மா, இனிமே பயமில்ல" என்றாள் நர்ஸம்மா. ராமுத்தாய் தலையாட்டினாள். பயம் போகவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் யாரோடும் பேசாமல் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பாள். தொண்டைக்குள் இறங்கின பிறகுதான் வேலையைப் பார்ப்பாள்.

விறகு சாய்ப்புக்குள் வந்துவிட்டது. நாகஜோதி அனுப்பியதும் பொம்மையன் பிளந்ததுமாக ஆள் உயரத்துக்கு நீளமாக ஒரு அட்டி. பின்பக்கம் மண்சுவர். சுவருக்கும் அட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் போகிற சந்து. அட்டியின் முனை சரியாமலிருக்கச் சந்து வாசலில் ஒரு முட்டுக்கம்பு கொடுத்திருந்தார்கள். மழை நாலாவது நாளும் விடாமல் ஊற்றியபோது, புளியமரத்தடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த செவலையை அவள் பார்த்தாள். வயிறு பெருத்துவிட்டது. இன்னும் ஒன்றரை மாதத்தில் ஈன வேண்டியது. மனசு கேட்கவில்லை. சாய்ப்பின் உள்ளே ஒரு கோடியில் முளையடித்து அதைக் கட்டினாள். இது தப்பு என்று உள்ளே ஒரு குரல் சொல்லியது. மழை விட்டதும் வெளியே கட்டிவிடலாம் என்று அந்தக் குரலுக்குச் சமாதானம் சொன்னாள்.

கடிபட்டு இருபத்து மூன்றாம் நாள் காலையில் செவலை தழையைத் தொடவில்லை. அவள் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிட்டாள். பதிலுக்கு அது கத்தியது. அந்தச் சத்தம் ஆட்டின் சத்தமாகவே இல்லை. தொண்டை கட்டின ஆம்பிளை அலறுகிற மாதிரி இருந்தது. வாயோரம் நுரை. எதிரே ஒன்றுமில்லாமலே தலையைத் தாழ்த்திச் சுவரை முட்டியது.

ராமுத்தாய் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தாள். "இந்தா பாரு, செவலைக்கு வந்துருச்சு. நான் கம்பவுண்டரக் கூட்டியாரேன். நான் வார வரைக்கும் சாய்ப்புப் பக்கம் எட்டிப் பாக்காத. கேட்டியா?"

"கேட்டேன். போ" என்றான் பொம்மையன்.

கோணிப்பையை மடித்துத் தலைமேல் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு சேற்றில் கன்னிவாடிக்கு நடந்தாள். சூசைமாணிக்கம் அரை மணி நேரத்தில் சைக்கிளில் வருவதாகச் சொன்னார். அவள் காத்திருக்கவில்லை. ஏதோ உந்த, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகத் திரும்பினாள்.

வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது. பொம்மையனைக் காணோம். கொட்டத்தில் இரண்டு நாளுக்கு முன் பிறந்த குட்டிகள் குளிரில் கத்திக்கொண்டிருந்தன. அவளுக்குப் புரிந்துவிட்டது. கங்கு அணைந்திருக்கிறது. குட்டிகள் கத்துவதைக் கேட்டுப் பொறுக்காமல் அந்த மனுசன் விறகெடுக்கப் போயிருக்கிறான்.

"ராமு!" என்று சாய்ப்புக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "ராமு, உள்ள வராத!"

ஓடினாள். செவலை முளையைப் பிடுங்கியிருந்தது. கயிறு பின்னால் இழுபட்டுக் கிடக்க, சந்தின் வாசலில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. சந்தின் உள்கோடியில், சுவரோடு சுவராகப் பொம்மையன். கம்பை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்திருந்தான். ஊன்ற ஒன்றுமில்லாமல் அவன் இடுப்பு ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. செவலை தலையைத் தாழ்த்திப் பாய்ந்தது. கம்பில் மோதியது. பின்வாங்கியது. மறுபடி பாய்ந்தது. இந்தத் தடவை பல்லால் கம்பைக் கவ்வியது. அவன் கால் வழுக்கியது.

"செவல! ஏ செவல!"

அந்தக் குரலுக்கு எட்டு வருடமாக ஓடி வந்த ஆடு அது. இப்போது காதுகூட அசையவில்லை. அடுத்த பாய்ச்சலுக்குப் பின்வாங்கி வாசல் பக்கம் வந்தது. சரியாக முட்டுக்கம்புக்கு நேரே. ராமுத்தாய் யோசிக்கவில்லை. முட்டுக்கம்பை இரண்டு கையாலும் பிடித்து, வயிற்று வலியெல்லாம் மறந்து, முழு உடம்போடும் பிடுங்கினாள்.

அட்டி ஒரு கணம் அப்படியே நின்றது. அப்புறம் முனை பிளந்து சரிந்தது. அத்தனை பாடுபட்டு வெட்டிப் பிளந்து அடுக்கின கட்டைகள் இடி மாதிரிச் சத்தத்தோடு செவலையின் மேல் விழுந்தன. உருண்டு உருண்டு போய்ப் பொம்மையனின் முழங்கால் வரைக்கும் மோதி நின்றன. தூசி அடங்கியபோது செவலையின் தலையும் ஒரு முன்னங்காலும் மட்டும் வெளியே தெரிந்தன. வாய் இன்னும் காற்றைக் கடித்துக்கொண்டிருந்தது.

ராமுத்தாய் வெளியே போய்க் கோடாலியை எடுத்து வந்தாள். பின்பக்கத்தால் ஒரே அடி. அடித்ததும் திரும்பிக்கொண்டாள். வயிறு அசைகிறதா என்று பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

பொம்மையனைக் கட்டைகள் மேலே ஏறித்தான் வெளியே கொண்டு வர வேண்டியிருந்தது. அவன் வலது புறங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அவள் அதையே பார்த்தாள்.

"கடிச்சுச்சா?"

"தெரியல ராமு. கம்பத்தான் கவ்வுச்சு. அப்பறம் கட்டை வந்து விழுந்துச்சு. எதுல கிழிஞ்சதுன்னு... தெரியல."

"தெரியலன்னா கடிச்சதுன்னே வச்சுக்க. வா, கையக் கழுவு. பஸ்ஸுக்குப் போகணும்."

"எனக்கா? பதினாலா?"

"உனக்குத்தான்."

சத்தம் கேட்டு வேலிப் பக்கமிருந்து நாகஜோதியும் சங்கிலியும் ஓடி வந்திருந்தார்கள். நாகஜோதி சாய்ப்புக்குள் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் இரண்டு வருடம் கழித்து முதல் தடவையாகப் பேசினாள்.

"அக்கா, நீ மாமாவக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு. குட்டிகள எங்க கொட்டத்துக்குத் தூக்கிட்டுப் போறேன். அங்க நெருப்பு இருக்கு."

"சாய்ப்புக்குள்ள காலு வைக்காத ஆத்தா. கம்பவுண்டர் வரட்டும்" என்றாள் ராமுத்தாய். நாகஜோதியின் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள்.

சூசைமாணிக்கம் வந்து நின்று, சங்கிலியை ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டச் சொல்லி, சுண்ணாம்பு கொட்டிச் செவலையைப் புதைத்தார். எச்சில் பட்ட கட்டைகளையும் கயிற்றையும் தனியே ஒதுக்கி, மழை வெறித்த ஒரு மத்தியானத்தில் நடுக்காட்டில் வைத்துக் கொளுத்தினார்கள். அது கிட்டத்தட்ட பாதி அட்டி. மிச்ச விறகு அந்த மழைக்காலத்துக்குப் போதாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்று ஆனது. நாகஜோதி வீட்டுக் கொட்டத்தில் இரண்டு வீட்டுக் குட்டிகளும் ஒரே கங்கைச் சுற்றிப் படுத்தன. குளிரில் ஒரு குட்டி மட்டும் போனது.

பொம்மையன் பதினாலு ஊசியும் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஏறும்போது, இன்றோடு நிறுத்திவிடலாமா என்று கேட்பான். அவள் அவன் கம்பை முதலில் பஸ்ஸுக்குள் வைப்பாள். அப்புறம் அவனை ஏற்றுவாள். நாலாவது நாள் திரும்பி வரும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே அவன் கேட்டான்:

"நீ தனியா இந்த வலியோட தெனமும் வந்தியா?"

"பெறகு?"

"ஒரு நாளும் சொல்லலையே."

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? வேரு வாங்கியாந்து குடுத்திருப்ப."

அவன் சிரித்தான். வயிற்றில் இழுத்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

புள்ளிக்கிடாய்க்கு ஒன்றும் வரவில்லை. நூறு நாளும் அவர்கள் படலுக்கு வெளியே நின்று அது தண்ணீர் குடிப்பதைப் பார்த்தார்கள். தை மாதம் பிறந்த பிறகு சூசைமாணிக்கம் வந்து பார்த்து, இனி விடலாம் என்றார். நூர் முகமது அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் வர ஒரு வருடம் ஆனது. வந்தபோது பொம்மையன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே எழுந்து போகப் பார்த்தான். "உக்காருங்க அண்ணே" என்றார் அவர். அவ்வளவுதான் அதைப் பற்றி நடந்த பேச்சு.

அந்த வட்டாரத்தில் அதன் பிறகு யாரை நாய் கடித்தாலும் ராமுத்தாய் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் வரும். வராவிட்டால் அவளே போவாள். ஆறு வருடத்தில் ஏழு பேரை அவள் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறாள். கன்னிவாடியில் மலைச்சாமி என்று ஒரு கொல்லர். ஊசி என்றால் குழந்தை மாதிரிப் பயப்படுகிற ஆள். நாய் கடித்ததும், வேர் போதும் என்று கதவைச் சாத்திக்கொண்டார். ராமுத்தாய் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பேசிப் பார்த்தாள், அவர் வீட்டுக்காரியை விட்டுப் பேசச் சொன்னாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் கூட வந்திருந்த பொம்மையன்தான் கதவைத் தட்டினான்.

"ஏப்பா மலச்சாமி, பதினாலும் இந்த வகுத்துலதான் வாங்கியிருக்கேன். பொய் சொல்லல, உயிர் போற மாதிரி வலிக்கும். ஆனாப் போகாது."

கதவு திறந்தது. மூன்று பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.